பல் செட்டும் பக்கத்துப் பல்லும்

"செட் போட்ட பிறகுதான் பக்கத்துப் பல்லும் ஆட ஆரம்பித்தது" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்போம். வயதானால் அப்படித்தான் என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். ஆனால் அந்தப் புகாரில் உண்மை இருக்கிறது. இழந்த சில பற்களுக்காக மாட்டும் செட், இருக்கும் பற்களைப் பிடித்துக்கொண்டுதான் வாயில் நிற்கிறது. அந்தப் பிடியே அவற்றுக்குப் பாரமாகிவிடுவதுண்டு. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

இயற்கைப் பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருக்கவில்லை. மெல்லிய நார்த்திசு அதைத் தாங்குகிறது. கடிக்கும்போது அது அமுங்குவது மிகமிகக் கொஞ்சம். ஈறோ அதைவிடப் பல மடங்கு அமுங்கும். பாதி பல்லிலும் பாதி ஈறிலும் உட்கார்ந்திருக்கும் செட், மெல்லும்போதெல்லாம் ஈறுப் பக்கம் தாழ்கிறது. செட்டின் கம்பி கவ்விய பல் திருகப்படுகிறது. இரு பக்கமும் கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் செட்டின் பின்முனையைத் தாங்கப் பல்லே இல்லை. பல்லில்லாத இடங்களை நியூயார்க் பல் மருத்துவர் எட்வர்ட் கென்னடி 1925-இல் நான்கு வகையாகப் பிரித்தார். அதில் முதல் வகை இதுதான்.

கோபால்ட்-குரோமியம் உலோகத்தில் வார்க்கும் செட்டில், பல்லின் மேற்பரப்பில் சிறு பள்ளம் எடுத்து, அதில் உலோக நுனி ஒன்று அமரும்படி செய்வார்கள். கடிக்கும் விசை அதன் வழியாக வேரை நோக்கி நேராக இறங்கும். விலை குறைந்த அக்ரிலிக் செட்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. தாடை எலும்பு தேயத் தேய, செட்டின் தட்டு கீழே இறங்கி, பல்லின் கழுத்தோரம் ஈறை அழுத்துகிறது.

விசையைவிடப் பெரிய எதிரி, செட்டுக்கும் பல்லுக்கும் இடையே தங்கும் அழுக்கு. கம்பிக்கு அடியில் எச்சில் ஓட்டம் குறைவு, நாக்கும் எட்டாது. பாக்டீரியாப் படலம் அங்கே நிம்மதியாக வளர்கிறது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தால் ஆபத்து இன்னும் கூடும். எனாமல் கரைய, வாயின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போக வேண்டும். எனாமல் இல்லாத வேருக்கு 6.2 முதல் 6.7 வரை இருந்தாலே போதும். வாய் சற்றே அமிலமானாலும் வேரில் சொத்தை விழத் தொடங்கிவிடும்.

அப்படியானால் செட்டே கெடுதலா? 1965-இல் வெளிவந்த நான்காண்டு ஆய்வொன்றில், கார்ல்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் பகுதிச் செட் அணிந்தவர்களின் ஈறும் பற்களும் சீர்கெட்டதைக் கண்டார்கள். அந்த முடிவு பல் மருத்துவர்களை வெகுவாகத் தயங்க வைத்தது. பின்னர் ஸ்வீடனில் பெர்க்மன், ஹியூகோசன், ஓல்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வேறு விதமாக முயன்றார்கள். செட் தருவதற்கு முன்பே வாயைச் சுத்தம் செய்தார்கள். பல் தேய்க்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். தவறாமல் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பரிசோதித்தார்கள். 1982-இல் வெளியான பத்தாண்டு முடிவில் ஈறுகள் குறிப்பிடத்தக்க அளவு மோசமாகவில்லை. 1995-இல் வந்த இருபத்தைந்தாண்டு முடிவும் நம்பிக்கையளித்தது. சிறிய குழுதான், ஆனாலும் சேதி தெளிவு. செட்டைக் கையில் கொடுத்ததும் சிகிச்சை முடிந்தது என்று மருத்துவரும் நோயாளியும் நினைப்பதுதான் பற்களைக் கொல்கிறது. நம் ஊரில் இந்த எண்ணம் மாற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். செட் தளர்ந்தால் அதன் அடிப்பகுதியை ஈறுக்கு ஏற்பத் திருத்தித் தர முடியும் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

சாப்பிட்டதும் செட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும். பற்பசை அக்ரிலிக்கைக் கீறும். சோப்பும் மென்மையான பிரஷும் போதும். கொதிநீரில் போட்டால் வளைந்துவிடும். கம்பி பிடிக்கும் பல்லைத் தனியாகத் தேய்ப்பதை மட்டும் மறக்கவே கூடாது.

இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். இரவும் பகலும் மாட்டியே இருந்தால் தட்டுக்கு அடியில் கேண்டிடா என்ற பூஞ்சை பெருகி, அண்ணம் சிவந்துபோகும். வலிக்காது என்பதால் பலர் கவனிப்பதே இல்லை. 85 வயதைத் தாண்டிய 524 பேரை டோக்கியோவில் மூன்றாண்டு கவனித்து, 2015-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலைப்பட வைக்கிறது. செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் ஆபத்து ஏறக்குறைய 2.3 மடங்காக இருந்தது. உறக்கத்தில் வாய்க்கிருமிகள் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது இதற்குக் காரணமாக இருக்கக்கூடும்.

ஒரே ஒரு பல்லுக்காகச் செய்யும் சின்னஞ்சிறு செட்களில் இன்னொரு ஆபத்து உண்டு. தளர்ந்தால் தூக்கத்திலோ சாப்பாட்டோடோ உள்ளே போய்விடலாம். கம்பியில்லாத வெறும் அக்ரிலிக் எக்ஸ்ரேயில் எளிதில் தெரியாது. செட் காணாமல் போய்த் தொண்டையில் வலி இருந்தால், செட் அணிபவர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இழந்த பல்லையெல்லாம் ஈடுகட்டியே ஆக வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. நெதர்லாந்தின் நைமேகனைச் சேர்ந்த பல் மருத்துவ ஆய்வாளர் கைசர் இதை ஆராய்ந்து, 1981-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். முன்பற்களும் அவற்றை அடுத்த சிறு கடைவாய்ப் பற்களும் மேலும் கீழுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 20 இருந்தால், பலருக்குச் சாப்பிடவும் பேசவும் அதுவே போதும் என்றார். பின்பக்கக் கடைவாய்ப் பற்கள் மட்டும் போனவர், செட் கேட்பதற்கு முன் மருத்துவரிடம் இதைப் பேசிப் பார்க்கலாம். எத்தனை பல் மிச்சம், எப்படி மெல்ல முடிகிறது, இடைவெளி வெளியே தெரிகிறதா என்பதைப் பொறுத்து, அந்த இடத்தைக் காலியாகவே விட்டு மற்ற பற்களைப் பேணுவதும் முறையான சிகிச்சைதான்.