மதுபானங்களில் எதிர் ஆக்சிஜனேற்றிகளை அளவிடும் நொதிசார் உயிரி உணரிகள்: அளவீடும் அதன் பொருளும்

ஆய்வுச் சுருக்கம்

திராட்சை மது, பீர் ஆகியவற்றிலுள்ள ஃபீனால் வகை எதிர் ஆக்சிஜனேற்றிகளை விரைவாக அளவிட லாக்கேஸ், டைரோசினேஸ் போன்ற நொதிகளைக் கொண்ட உயிரி உணரிகள் உருவாக்கப்பட்டுள்ளன. அவை செயல்படும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. உணரி தரும் எண், மதுவிலுள்ள எதிர் ஆக்சிஜனேற்றிகள் அனைத்தின் கூட்டுத்தொகை அன்று. பயன்படுத்தப்பட்ட நொதி இனங்காணும் சேர்மங்களின் அளவே ஆகும். எனவே நொதி, தரப்பொருள், சல்ஃபைட்டைக் கையாண்ட முறை ஆகியவற்றைக் குறிப்பிடாத அளவீடு ஒப்பீட்டிற்கு உதவாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: உயிரி உணரி, நொதி, பாலிஃபீனால், லாக்கேஸ், டைரோசினேஸ், திராட்சை மது, சல்ஃபைட்

1. முன்னுரை

திராட்சை மதுவின் நிறம், துவர்ப்பு, நெடுநாள் கெடாதிருக்கும் தன்மை ஆகியவற்றிற்குப் பாலிஃபீனால்கள் முக்கியக் காரணமாகும். சிவப்பு மது, பழத்தின் தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்க வைக்கப்படுகிறது. அதனால் வெள்ளை மதுவைவிடப் பன்மடங்கு பாலிஃபீனால்கள் அதில் உள்ளன. பீரில் இவற்றின் பெரும்பகுதி மால்ட்டிலிருந்தும் எஞ்சியவை ஹாப்ஸ் பூவிலிருந்தும் வருகின்றன. இச்சேர்மங்களின் அளவை அறிவது மது உற்பத்தியில் தரக் கட்டுப்பாட்டிற்கு இன்றியமையாதது.

2. மரபான முறையும் அதன் குறையும்

மொத்த ஃபீனால்களை அளவிடப் பரவலாகக் கையாளப்படுவது, 1927ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோலின்-சியோகால்ட்டு வினைக்காரணியைக் கொண்ட முறையாகும். 1965இல் சிங்கிள்டன், ரோசி ஆகியோர் இதனை மது ஆய்விற்கு ஏற்பச் செம்மைப்படுத்தினர். டங்ஸ்டன், மாலிப்டினம் ஆகியவற்றைக் கொண்ட வினைக்காரணி ஃபீனால்களால் ஒடுக்கமடைந்து நீலநிறம் பெறும். அந்நிறத்தின் செறிவு 765 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்கப்பட்டு, காலிக் அமிலச் சமானமாகக் குறிக்கப்படும். ஆனால் இவ்வினைக்காரணி ஃபீனால்களோடு மட்டும் வினைபுரிவதில்லை. சல்ஃபைட், அஸ்கார்பிக் அமிலம், ஒடுக்கும் சர்க்கரைகள் ஆகியனவும் நீலநிறத்தை மிகைப்படுத்துகின்றன. தேர்ந்து வினைபுரியும் நொதிகளை நாட வேண்டிய தேவை இக்குறையிலிருந்தே எழுந்தது.

3. உணரி செயல்படும் முறை

நொதியை மின்முனையோடு இணைக்கும் கருத்தை 1962இல் கிளார்க்கும் லியான்ஸும் குளுக்கோஸ் அளவீட்டிற்காக முன்வைத்தனர். ஃபீனால் உணரியிலும் அடிப்படை அதுவே. நொதி, கார்பன் அல்லது பொன் மின்முனையின் மேற்பரப்பில் குளூட்டரால்டிஹைடு போன்ற குறுக்கிணைப்பியாலோ பலபடிப் படலத்தாலோ நிலைநிறுத்தப்படுகிறது. நீர்த்த மது மாதிரி அதனைத் தொடும்போது நொதி ஃபீனாலைக் குயினோனாக ஆக்சிஜனேற்றுகிறது. மின்முனை அக்குயினோனை மீண்டும் ஃபீனாலாக ஒடுக்குகிறது. இவ்வொடுக்கத்தின்போது பாயும் மின்னோட்டமே அளவீட்டுக் குறிகையாகும். ஒரே மூலக்கூறு நொதிக்கும் மின்முனைக்கும் இடையே மீண்டும் மீண்டும் சுழல்வதால் குறிகை பெருகுகிறது.

இம்முறையில் வேறொரு நன்மையும் உண்டு. குயினோனை ஒடுக்கக் குறைந்த மின்னழுத்தமே போதும். அந்நிலையில் அஸ்கார்பிக் அமிலம் முதலியவை மின்முனையில் நேரடியாக ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை.

4. இரு நொதிகள், இரு விடைகள்

1883இல் ஜப்பானிய வேதியியலாளர் யோஷிடா, அரக்கு மரத்தின் பாலில் லாக்கேஸின் செயலைக் கண்டறிந்தார். நான்கு செம்பு அணுக்களைக் கொண்ட இந்நொதி, ஃபீனால்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பெற்று ஆக்சிஜனை நீராக ஒடுக்குகிறது. திராட்சையைத் தாக்கும் போட்ரைடிஸ் சினேரியா என்னும் பூஞ்சையும் இதனைச் சுரக்கிறது. அத்தகைய பழத்திலிருந்து செய்த மது பழுப்பேறிக் கெடுகிறது. மதுவைக் கெடுக்கும் அதே வினையே உணரியில் அளவுகோலாகிறது.

டைரோசினேஸ் இரு செம்பு அணுக்களைக் கொண்டது. அடுத்தடுத்த கார்பன்களில் இரு ஹைட்ராக்சில் தொகுதிகளைக் கொண்ட ஃபீனாலை அது குயினோனாக மாற்றும். ஒரே ஹைட்ராக்சில் தொகுதியுடைய ஃபீனாலாயின், முதலில் அதன் பக்கத்துக் கார்பனில் இரண்டாவது ஹைட்ராக்சிலைச் சேர்க்கும். அதற்கு அக்கார்பன் வெறுமையாக இருத்தல் வேண்டும்.

இவ்வேறுபாட்டின் விளைவைச் சிவப்பு மதுவில் தெளிவாகக் காணலாம். ஐரோப்பியத் திராட்சை இனத்து இளஞ்சிவப்பு மதுவின் நிறத்திற்கு முதன்மைக் காரணம் மால்விடின் குளுக்கோசைடு ஆகும். அதன் ஃபீனால் வளையத்தில் ஹைட்ராக்சிலின் இருபக்கக் கார்பன்களிலும் மீத்தாக்சி தொகுதிகள் அமர்ந்துள்ளன. ஆகவே டைரோசினேஸ் அதன்மீது நேரடியாகச் செயல்பட இடமில்லை. லாக்கேஸ் அதனை ஆக்சிஜனேற்றுகிறது. கேட்டசினையோ இரு நொதிகளும் இனங்காண்கின்றன. எனவே ஒரே குப்பியிலிருந்து எடுத்த மது இரு உணரிகளிலும் இரு வேறு மதிப்புகளைத் தரக்கூடும். இரண்டில் எதுவும் பிழையன்று. இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள்.

தரப்பொருளுக்கும் இது பொருந்தும். காலிக் அமிலம் டைரோசினேஸுக்கு ஏற்ற தளப்பொருள் அன்று. அதனால் டைரோசினேஸ் உணரியின் முடிவைக் காலிக் அமிலச் சமானமாகக் கூறுவது பொருத்தமற்றது. கேட்டசின் அல்லது கேட்டகால் சமானமே தகும்.

5. சல்ஃபைட் தரும் இடையூறு

மதுவைப் பாதுகாக்கக் கந்தக டைஆக்சைடு சேர்க்கப்படுகிறது. சர்க்கரை குறைந்த சிவப்பு மதுவிற்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம், வெள்ளை மதுவிற்கு 200 மில்லிகிராம் என ஐரோப்பிய ஒன்றியம் உச்ச வரம்பு விதித்துள்ளது. சல்ஃபைட் குயினோனோடு சேர்ந்து அதனைச் சுழற்சியிலிருந்து அகற்றுகிறது. டைரோசினேஸின் செயலையும் தடுக்கிறது. ஃபோலின் முறையில் அளவை உயர்த்தும் அதே பொருள், இங்கு அளவைத் தாழ்த்துகிறது. ஃபீனால் குறைந்த வெள்ளை மதுவில் இப்பிழை பெரிதாகத் தெரியும். மாதிரியைப் பெரிதும் நீர்த்தலும், அசிட்டால்டிஹைடைச் சேர்த்துச் சல்ஃபைட்டைப் பிணைத்தலும் இதற்குத் தீர்வாகும். நீர்த்தலால் எத்தனாலின் தாக்கமும் குறைகிறது.

6. எண்ணின் எல்லை

ஆய்வகத்தில் பெறும் எண் விரைவிலேயே விளம்பரத்திற்குச் சென்றுவிடும். அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஆக்சிஜன் உறிஞ்சல் திறனைப் பட்டியலிட்ட தன் தரவுத்தளத்தை 2012இல் விலக்கிக்கொண்டது. சோதனைக்குழாயில் கண்ட திறனை உடல்நலத்தோடு இணைத்து நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தியதே அதற்கு அது கூறிய காரணங்களுள் ஒன்று. மதுவில் இவ்வெச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே மதுபானங்களை மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவன என வகைப்படுத்தியது. பாலிஃபீனால் மிகுந்த மது நலம் தரும் மது என்னும் முடிவை எந்த உணரியும் தருவதில்லை.

7. முடிவுரை

நொதிசார் உயிரி உணரி மலிவானது, விரைவானது, சிறிதளவு மாதிரியே வேண்டுவது. நொதித்தல், முதிர்வித்தல் ஆகிய கட்டங்களில் ஒரே மதுவின் மாற்றத்தைத் தொடர்ந்து கண்காணிக்க அது மிகவும் ஏற்றது. வெவ்வேறு ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிட வேண்டுமாயின் நொதியின் பெயரும் மூலமும், அமிலத்தன்மை, நீர்த்தல் விகிதம், தரப்பொருள், சல்ஃபைட்டைக் கையாண்ட விதம் ஆகியவை எண்ணோடு சேர்த்தே தரப்படல் வேண்டும். மொத்த எதிர் ஆக்சிஜனேற்றி என்னும் தொடரைவிட, லாக்கேஸால் அளவிடப்பட்ட ஃபீனால்கள் என்பது போன்ற தொடர் குறுகியதாகத் தோன்றினும் உண்மைக்கு நெருக்கமானது.