காற்றைக் கட்டி ஆற்றில் இறங்கினால்

1842 ஆகஸ்டில், அமெரிக்காவின் மேற்குப் பகுதியை அளந்து வரைபடம் போடப் போயிருந்த ஜான் ஃப்ரீமான்ட்டின் குழு, பிளாட் ஆற்றின் மலையிடுக்கில் ஒரு ரப்பர் படகை இறக்கியது. 20 அடி நீளம், 5 அடி அகலம். உள்ளே கருவிகள், குறிப்பேடுகள், உணவு மூட்டைகள். படிப்படியாக விழுந்த வெள்ளத்தில் படகு துள்ளி இறங்கிய விதத்தைப் பார்த்ததும் ஆட்களுக்குப் பயம் தெளிந்து உற்சாகம் வந்துவிட்டது. கனடாப் படகுக்காரர்களின் பாட்டை உரக்கப் பாடிக்கொண்டு போனார்கள். ஒரு சரிவின் அடியில், நீருக்குள் மறைந்து கிடந்த பாறை படகைக் கண்ணிமைக்கும் நேரத்தில் புரட்டிப் போட்டது. ஆட்கள் உயிர் தப்பினார்கள். குறிப்பேடுகளிலும் கருவிகளிலும் பெரும்பகுதி ஆற்றோடு போயிற்று.

காற்றடைத்த படகில் மலையாற்றில் இறங்குவதன் நன்மை தீமை இரண்டும் இந்த ஒரு சம்பவத்தில் அடங்கியிருக்கின்றன. மரப்படகு முதல் சரிவிலேயே பிளந்திருக்கும். ரப்பர் படகு தாங்கியது. தாங்கியதால் ஆட்களுக்குத் துணிச்சல் வந்தது. அந்தத் துணிச்சல் அவர்களை அடுத்த சரிவுக்குக் கொண்டுபோனது. ஏறக்குறைய 180 ஆண்டுகள் கழித்தும், காற்றடைத்த கனோ வாங்க நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

கனோ என்பது மேல்மூடி இல்லாத, ஒல்லியான படகு. ஒரே பக்கம் இலை உள்ள துடுப்பால், பெரும்பாலும் மண்டியிட்டு வலிப்பார்கள். மூடிய உடலும் இருபக்க இலையுள்ள துடுப்பும் கொண்ட கயாக் வேறு; எட்டுப் பேர் ஏறும் ராஃப்ட் வேறு. காற்றடைத்த கனோவில் இரு பக்கமும் தடித்த டியூப்கள், நடுவே காற்றடைத்த தளம். சுருட்டினால் முதுகுப்பைக்குள் அடங்கிவிடும். எடை பெரும்பாலும் 15 முதல் 25 கிலோ.

பாறையில் மோதும்போது என்ன நடக்கிறது? கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்போம். பந்து நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடினால் கையில் விழும் அடி குறையும். கெட்டியான படகு பாறையில் இரண்டு சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்றால், காற்று டியூப் இருபது சென்டிமீட்டர் உள்வாங்கி நிற்கும். அதே எடை, அதே வேகம் என்றால் சராசரி விசை பத்தில் ஒரு பங்குதான். பாறைகள் நிறைந்த ஆழமற்ற ஆறுகளில் இந்தப் படகுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு இதுவே காரணம். அகலமாக இருப்பதாலும் எடை குறைவாக இருப்பதாலும் சில சென்டிமீட்டர் ஆழமே இதற்குப் போதும். கோடையில் நீர் வற்றிய ஆற்றிலும் தட்டுத்தடுமாறியாவது போய்விடும்.

உள்வாங்கிய காற்று சும்மா இருப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங் போல அது திருப்பித் தள்ளும். படகு பாறையிலிருந்து எகிறும். உள்ளே இருப்பவர் எதையும் பிடித்திருக்காவிட்டால் ஆற்றில் விழுவார். தொடையை இறுக்கும் பட்டைகள் அதற்காகத்தான்.

விறைப்பு விஷயத்துக்கு வருவோம். இந்தப் படகின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் "முன்னாடி 25, பின்னாடி 32" என்று காற்று பிடிக்கச் சொல்கிறோமே, அந்தக் கணக்கில் மலையாற்று கனோவின் டியூபுக்குப் பிடிப்பது வெறும் 2 முதல் 3 வரை. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் நான்கு மீட்டர் நீளப் படகு நிமிர்ந்து நிற்க வேண்டும். டியூப் மடங்காமல் எவ்வளவு சுமை தாங்கும் என்பது அழுத்தத்தைப் பொறுத்து நேர்விகிதத்தில் கூடும். ஆரத்தைப் பொறுத்தோ அதன் மும்மடிக்கு ஏற்பக் கூடும். ஆரத்தை இரட்டித்தால் தாங்கும் திறன் எட்டு மடங்கு. எனவே விறைப்பு வேண்டுமானால் டியூபைத் தடிமனாக்க வேண்டும். தடித்த டியூப் உள்ளே உட்காரும் இடத்தைத் தின்றுவிடும். 90 சென்டிமீட்டர் அகலப் படகில் பக்கத்துக்கு 27 சென்டிமீட்டர் டியூப் வைத்தால் ஆளுக்கு மிஞ்சுவது 36 சென்டிமீட்டர். கால் முட்டியை அகட்டி மண்டியிட்டு நன்றாக வலிக்கப் பழகியவருக்கு இது பெரிய நெருக்கடி.

தளத்துக்கு மட்டும் வேறொரு வழி கிடைத்திருக்கிறது. இரண்டு துணிகளை ஆயிரக்கணக்கான நூல்களால் ஒரே இடைவெளியில் இணைத்துக் காற்றடைத்தால், அது உருண்டையாக உப்பாமல் பலகை போலத் தட்டையாக நிற்கும். அழுத்தமும் பல மடங்கு கூட்டலாம். குட்இயர் நிறுவனம் 1956-இல் இவ்வகைத் துணியில் காற்றடைத்துப் பறக்கும் சிறு விமானமே செய்து காட்டியது. இன்று பல கனோக்களின் தளம் இந்த முறையில் வருகிறது. அது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மலையாற்றுக்கென்று வாங்குபவர், படகு முழுவதும் பலகை போல விறைத்து நிற்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பக்க டியூப் கொஞ்சம் இளக்கமாக இருப்பதுதான் பாறையில் காப்பாற்றும்.

அழுத்தத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. புதிதாக வாங்கியவர் பெரும்பாலும் முதல் நாளே அதில் மாட்டுவார். கரையில் நல்ல வெயில், 40 டிகிரி. டியூபுக்கு 2.5 காற்று பிடித்துவிட்டுப் பனி உருகி வரும் 12 டிகிரி ஆற்றில் இறங்குகிறார். பம்ப் காட்டும் 2.5 என்பது வெளிக் காற்றழுத்தத்துக்கு மேலே இருக்கும் மிச்சம்தான். வெளியழுத்தம் 14.7-ஐயும் சேர்த்தால் உள்ளே உண்மையில் 17.2 இருக்கிறது. வெப்பநிலை 313 கெல்வினிலிருந்து 285-க்கு இறங்கினால் மொத்த அழுத்தமும் அதே விகிதத்தில் இறங்கி 15.7 ஆகும். அதிலிருந்து 14.7-ஐக் கழித்துப் பாருங்கள்: மிச்சம் ஒன்றே ஒன்று. எங்கும் பஞ்சர் இல்லை, வால்வும் சரியாக இருக்கிறது, ஆனால் படகு தொய்ந்துவிட்டது. ஆகவே படகைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்து, குளிர்ந்த பிறகு மறுபடி காற்று பிடிக்க வேண்டும். மதிய உணவுக்குக் கரையேற்றும்போது இதே கணக்கு தலைகீழாகும். கறுப்பு நிறப் படகை வெயிலில் இழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் ஒட்டுத் தையல் விட்டுப்போகும். நிழலில் வையுங்கள், அல்லது கொஞ்சம் காற்றை இறக்குங்கள்.

தையல் என்றதும் மறுபடி ஃப்ரீமான்ட் நினைவுக்கு வருகிறார். 1843-இல் அவர் இன்னொரு ரப்பர் படகைக் கிரேட் சால்ட் ஏரிக்குக் கொண்டுபோனார். அவசரத்தில் செய்த படகு. தைக்க வேண்டிய விளிம்புகளை வெறும் பசையால் ஒட்டியிருந்தார்கள். ஏரியின் நடுவே காற்று கசிய, ஒருவர் துருத்தியை விடாமல் ஊதிக்கொண்டே வரவேண்டியதாயிற்று. இன்றைய நல்ல படகுகளில் பிவிசி துணியைச் சூட்டால் பற்றவைக்கிறார்கள். ஹைபலான் வகை ரப்பரைக் கையால் ஒட்டுகிறார்கள். காற்று ஒரே பையில் இருக்காது, தனித்தனி அறைகளாகப் பிரிந்திருக்கும். ஒன்று கிழிந்தாலும் மற்றவை கரைசேர்க்கும். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவருக்கு இதையும் ஒட்டத் தெரியும்: உரசு, துடை, பசை தடவு, காயவிடு, ஒட்டு. நடுக்காட்டில் விரிசல் விட்ட கெட்டிப் படகை அவ்வளவு எளிதாகச் சரிசெய்ய முடியாது.

படகுக்குள் ஏறும் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். மூடியில்லாத நான்கு மீட்டர் கனோவில் 300 லிட்டருக்கு மேல் நீர் நிற்கும். அதாவது 300 கிலோ. அந்த எடையோடு எந்தப் பக்கமும் திருப்ப முடியாது. அதனால் மலையாற்றில் போகும் கெட்டிக் கனோக்காரர்களே முன்னும் பின்னும் காற்றுப் பைகளைத் திணித்துக் கட்டி நீர் புக இடமில்லாமல் செய்கிறார்கள். காற்றடைத்த கனோ இதைத் தன் உடலாலேயே செய்கிறது. அதோடு 1980-களில் ராஃப்ட்டுகளில் பரவிய ஒரு எளிய உத்தியும் சேர்ந்தது. தளத்தை ஆற்றின் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும்படி உப்பவைத்து, ஓரத்தில் துளைகள் விட்டார்கள். உள்ளே விழுந்த நீர் தானே வடிந்துவிடும். வாளியால் இறைக்கும் வேலை போயிற்று. நான் எடை போட்டுப் பார்த்ததில், வேறு எல்லாக் குறைகளையும் பொறுத்துக்கொள்ள வைப்பது இந்த ஒரு வசதிதான். அதற்குக் கொடுக்கும் விலை, ஆள் உயரமாக உட்கார வேண்டியிருப்பது. சுமை கூடினால் அந்தத் துளைகள் வழியாகவே நீர் உள்ளே ஏறும்.

நீரோட்டத்தைக் கையாள்வதில்தான் கெட்டிப் படகு முந்துகிறது. ஆற்றில் ஒவ்வொரு பெரிய பாறைக்குப் பின்னாலும் நீர் திரும்பிச் சுழன்று ஓர் அமைதித் திட்டு உண்டாகும். தேர்ந்த படகோட்டி அந்தத் திட்டுகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, நின்று, அடுத்த சரிவைப் பார்த்து, பிறகு இறங்குவார். தாவும்போது படகைச் சாய்த்து அதன் விளிம்பை நீரில் பதிக்க வேண்டும். அரிவாள் மணையில் காய் வெட்டுகிற மாதிரி விளிம்பு நீரை வெட்டிக்கொண்டு திரும்பும். உருண்டையான டியூபுக்கு அப்படிப்பட்ட விளிம்பே கிடையாது. அது வழுக்கிக்கொண்டு போகும். நுழைய நினைத்த திட்டைத் தாண்டி ஒரு படகு நீளம் கீழே போய்த்தான் நிற்கும். எதிர்க்காற்று வீசினாலும் இலை போல இழுபடும்.

இதைவிட மோசமானது, நீர் செங்குத்தாக விழுந்து உருண்டு திரும்பும் இடம். தடுப்பணைகளின் அடியிலும் பெரிய பாறைகளின் பின்னும் அப்படி நடக்கும். அதைத் தாண்ட வேகமும் கனமும் வேண்டும். எடை குறைந்து, நீரின் மேலே மிதக்கும் படகை மேற்பரப்பில் திரும்பிவரும் நீர் அப்படியே பின்னுக்கு இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

குறுக்காகப் பாறையில் சாய்ந்து மாட்டிக்கொண்டாலோ, இரண்டு வகைப் படகுக்கும் ஆபத்துதான். நொடிக்கு மூன்று மீட்டர் ஓடும் நீர், நான்கு மீட்டர் நீளமும் முப்பது சென்டிமீட்டர் உயரமும் உள்ள பக்கத்தை ஏறக்குறைய 550 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. கெட்டிப் படகு அதில் வளைந்து உடையலாம். அப்படி மடங்கியும் நிமிரும் குணத்தால் பெயர்பெற்ற ராயலெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கின் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. காற்றுப் படகோ பாறையைச் சுற்றித் துணி போல ஒட்டிக்கொள்ளும்; ஓர் அறையின் காற்றை இறக்கினால் பெரும்பாலும் கழன்று வரும், பழைய உருவத்துக்கும் திரும்பும்.

எந்த ஆற்றுக்கு எந்தப் படகு என்பதை விளக்கச் செக் நாட்டின் வல்டாவா ஆறு நல்ல உதாரணம். கடலே இல்லாத அந்த நாட்டில் கோடை வந்தால் குடும்பம் குடும்பமாக ஆற்றில் இறங்குவார்கள். எதிர்ப்படும் படகுக்கெல்லாம் மாலுமிகளைப் போல "அஹோய்" சொல்வார்கள். காற்றடைத்த கனோக்களுக்குப் பெயர்பெற்ற குமோடெக்ஸ் நிறுவனமும் அங்கேயே, ப்ரெக்லாவ் ஊரில் இருக்கிறது. செஸ்கி க்ரும்லோவ் நகரின் தடுப்பணைகளில் படகு சறுக்கி இறங்கத் தனி வழி விட்டிருக்கிறார்கள். பாறை தட்டும், தளம் உரசும், யாராவது விழுவார்கள், ஏறிக்கொள்வார்கள். காற்றடைத்த கனோவுக்கு ஏற்ற இடம் அது. அதே ஆற்றில் கொஞ்சம் மேலே, லிப்னோ அணைக்குக் கீழே, "சாத்தானின் ஓட்டம்" என்ற பொருளில் பெயரிட்ட ஒரு பாறைப் பள்ளத்தாக்கு உண்டு. நீர் நிலத்தடி மின்நிலையத்துக்குப் போய்விடுவதால் பெரும்பாலான நாள் அது வறண்டு கிடக்கும். வருடத்தில் சில நாள் நீர் திறப்பார்கள். அன்று அங்கே இறங்குவது ஆற்றைப் படிக்கத் தெரிந்தவர்களின் வேலை. எளிதில் கவிழாத படகு கையில் இருக்கிறது என்பதற்காகப் புதியவர் அங்கே போகக் கூடாது.

என் தீர்ப்பு இது. ஓட்டத்தின் கடுமையை ஆறு வகுப்பாகப் பிரிக்கும் சர்வதேச அளவுகோலில் இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஆறுகளுக்கும், ரயிலில் பேருந்தில் படகைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கும், மாடியில் நான்கு மீட்டர் படகை நிறுத்த இடமில்லாதவர்களுக்கும் காற்றடைத்த கனோ மிக நல்லது. ஊருக்குத் திரும்பியதும் மடிப்பு மடிப்பாகக் காயவைக்கும் பொறுமை மட்டும் வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நான்காம் வகுப்புக்கும் அதற்கு மேலும் போக நினைப்பவர் முதலில் கெட்டிப் படகில் திருப்பக் கற்றுக்கொள்ளட்டும். காற்றுப் படகே வேண்டும் என்றால் இரண்டு டியூபைச் சட்டத்தால் இணைத்த கேட்டராஃப்ட் இருக்கிறது. அதன் பெயரில் பாதி நம் கட்டுமரம்தான்.

ரிஷிகேஷிலோ தாண்டேலியிலோ காற்றடைத்த ராஃப்ட்டில் ஏறப்போகும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உயிர்காப்பு அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் இன்னும் இறுக்க வேண்டும். தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். ஆற்றில் விழுந்துவிட்டால், இடுப்பளவு ஆழமாகவே தெரிந்தாலும் ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் நீரோட்டம் ஆளை முன்னுக்குச் சாய்த்து மூழ்கடித்துவிடும். மல்லாந்து படுத்து, இரு கால்களையும் ஓட்டத்தின் திசையில் நீட்டி மேலே தூக்கி வையுங்கள். நீர் அடங்கும் இடம் வந்ததும் கரையை நோக்கி நீந்துங்கள்.