வயிற்றின் வாயிற்காப்போன்

"வெறும் வயிற்றில் குடித்தால்தான் போதை ஏறும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஒன்றும் செய்யாது" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு? உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

மது வகை எதுவாயினும் அதில் போதை தரும் பொருள் எத்தில் ஆல்கஹால் ஆகும். நாம் உண்ணும் சோறும் பருப்பும் செரித்து, சிறு மூலக்கூறுகளாக உடைந்த பின்னரே இரத்தத்தில் கலக்கின்றன. ஆல்கஹாலுக்குச் செரிமானம் தேவையில்லை. அதன் மூலக்கூறு மிகச் சிறியது. செல் சவ்வை எளிதில் ஊடுருவும். அதில் ஒரு பகுதி இரைப்பையிலேயே உறிஞ்சப்படுகிறது. ஆனால் பெரும்பகுதி சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. அங்குள்ள குடலுறிஞ்சிகள் உட்பரப்பைப் பன்மடங்கு பெருக்கியுள்ளன அல்லவா? அதுவே காரணம்.

இரைப்பையின் முடிவில், சிறுகுடல் தொடங்குமிடத்தில், ஒரு வளையத் தசை உண்டு. அதன் பெயர் பைலோரஸ். கிரேக்க மொழியில் இதற்கு 'வாயிற்காப்போன்' என்று பொருள். வயிறு காலியாக இருந்தால் மது இவ்வாயிலை விரைவில் கடந்துவிடும். உணவு, குறிப்பாகக் கொழுப்பு மிக்க உணவு இருந்தால், வாயில் சிறிது சிறிதாகவே வழிவிடும். அந்தத் தாமதத்தில் இரைப்பைச் சுவரிலுள்ள நொதி ஆல்கஹாலில் ஒரு சிறு பகுதியைச் சிதைத்துவிடுகிறது. எஞ்சியது மெதுவாகக் கல்லீரலை அடைகிறது. கல்லீரல் அதை முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளாகவும், பின்னர் அசிட்டேட்டாகவும் மாற்றுகிறது. முடிவில் கரியமில வாயுவும் நீருமே மிஞ்சுகின்றன. ஆகவே, உணவு உண்டவரின் இரத்தத்தில் ஆல்கஹால் அளவு அதே உயரத்திற்கு ஏறுவதில்லை.

அப்படியானால் ஆபத்து இல்லையா? ஸ்வீடன் நாட்டின் லண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் விட்மார்க், சில துளி இரத்தத்திலிருந்தே ஆல்கஹாலை அளக்கும் முறையை 1922-இல் வெளியிட்டார். ஏறிய ஆல்கஹால் ஏறக்குறைய ஒரே சீரான வேகத்தில் இறங்குவதை அவர் கண்டார். 100 மில்லி லிட்டர் இரத்தத்திற்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறையும்.

ஒரு கணக்குப் போடுவோம். வெறும் வயிற்றில் 80 மில்லிகிராம் வரை ஏறும் ஒருவருக்கு, உணவு உண்டதால் 60 தான் ஏறியது என வைத்துக்கொள்வோம். இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வாகனம் ஓட்டுபவருக்கு வரம்பு 30 தான். 60 லிருந்து 30-க்கு இறங்கவே 2 மணி நேரம் ஆகும்! "சாப்பிட்டிருக்கிறேன், தெளிவாகத்தான் இருக்கிறேன்" என்று கிளம்புபவரும் சாலையில் ஆபத்தானவரே. வரம்புக்குக் கீழே வந்தாலும் கவனம் முழுமையாகத் திரும்பிவிட்டது என்று பொருளன்று.

வெறும் வயிற்றில் இன்னொரு தீங்கும் உண்டு. நெடுநேரம் உண்ணாதபோது கல்லீரலே புதிதாகக் குளுக்கோஸைத் தயாரித்து இரத்தத்திற்கு அளிக்கிறது. ஆல்கஹால் அப்பணியைத் தடுப்பதால், சர்க்கரை குறைந்து மயக்கம், சில சமயம் மரணமும் நேரலாம்.

குடித்த பின் அவசரமாகச் சாப்பிடுவது பலன் தருமா? இரத்தத்தில் கலந்துவிட்டதை வாயிற்காப்போன் திருப்பி அழைக்க முடியாது. காப்பியும் மோரும் குளிர்ந்த நீர்க் குளியலும் போதையை இறக்குவதில்லை. கல்லீரல் தன் வேலையை முடிக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.