மருத்துவ உளவியல்

மருத்துவ உளவியல் என்பது மனநலச் சிக்கல்களை மதிப்பிட்டு, உளவியல் முறைகளின் வழியே அவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் உளவியலின் பயன்பாட்டுக் கிளை ஆகும். மனச்சோர்வு, பதற்றம், கற்றல் குறைபாடு, மூளைக் காயத்தால் ஏற்படும் நினைவிழப்பு போன்றவை இதன் எல்லைக்குள் வருகின்றன.

பெயரில் மருத்துவம் இருப்பினும் இத்துறையினர் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். உளவியலில் உயர்கல்வி கற்றவர்கள். மருந்து எழுதித் தருவது பொதுவாக மனநல மருத்துவரின் பணியாகும். ஐக்கிய அமெரிக்காவில் நியூ மெக்சிக்கோ (2002), லூசியானா (2004) முதலிய சில மாநிலங்கள் மட்டும் கூடுதல் பயிற்சி பெற்ற உளவியலாளர்களுக்கு இவ்வுரிமையை வழங்கியுள்ளன.

தோற்றம்

செருமனியின் லைப்சிக் நகரில் வில்லெம் வூண்டிடம் பயின்ற லைட்னர் விட்மர் இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். இவர் பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1896 மார்ச்சில், சொற்களைப் பிழையின்றி எழுத இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி அவனது ஆசிரியை இவரிடம் முறையிட்டார். சோதித்ததில் சிறுவனுக்குப் பார்வைக் குறைபாடு இருப்பது தெரியவந்தது. கண்ணாடி அணிவித்ததோடு எழுத்துப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. ஆய்வகத்தில் சராசரிகளைக் கணக்கிட்டுக் கொண்டிருந்த உளவியல் தனியொருவரின் இடர் தீர்க்க முற்பட்டது இங்கேதான். அதே ஆண்டில் உலகின் முதல் உளவியல் சிகிச்சையகத்தை விட்மர் நிறுவினார். 1907-இல் ஓர் ஆய்விதழைத் தொடங்கி, துறைக்கு இப்பெயரையும் சூட்டினார்.

போர்களும் வளர்ச்சியும்

தொடக்கத்தில் உளவியலாளரின் பணி பெரும்பாலும் சோதனைகள் நடத்துவதாகவே இருந்தது. பிரான்சில் ஆல்பிரட் பினே, தியோடர் சிமோன் ஆகியோர் 1905-இல் நுண்ணறிவுச் சோதனையை வெளியிட்டனர். முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் சுமார் 17 இலட்சம் பேர் இவ்வகைச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மனப் பாதிப்புடன் திரும்பிய வீரர்களைக் கவனிக்க மனநல மருத்துவர்கள் போதவில்லை. எனவே முன்னாள் படைவீரர் நிர்வாகம் 1946-இல் உளவியலாளர்களைப் பயிற்றுவிக்க நிதி வழங்கத் தொடங்கியது. சிகிச்சை அளிப்பவர் ஆய்வாளராகவும் இருக்க வேண்டும் என்ற பயிற்சி நெறி 1949-இல் கொலராடோவின் போல்டர் நகர மாநாட்டில் ஏற்கப்பட்டது.

சிகிச்சை பயனளிக்கிறதா?

இக்கேள்வியை 1952-இல் வெளிப்படையாக எழுப்பியவர் பிரித்தானிய உளவியலாளர் ஆன்சு ஐசங்க். நரம்புத் தளர்ச்சி நோயாளிகளில் மூன்றில் இரு பங்கினர் உளச்சிகிச்சை இன்றியே ஈராண்டுகளில் தேறிவிடுவதாக அவர் வாதிட்டார். ஒப்பீட்டுக்கு அவர் எடுத்துக்கொண்டவர்களும் ஓரளவு மருத்துவக் கவனிப்பைப் பெற்றவர்களே என்று எதிர்ப்பாளர்கள் சுட்டினர். ஆயினும் அக்கட்டுரையால் நன்மையே விளைந்தது எனலாம். சிகிச்சை முறைகளைச் சான்றுகளோடு நிறுவும் கட்டாயம் உருவானது. நடத்தைச் சிகிச்சையும், 1960களில் ஆரன் பெக் உருவாக்கிய அறிதல் சிகிச்சையும் இச்சூழலில் வளர்ந்தன.

1977-இல் மேரி சிமித், சீன் கிளாசு ஆகியோர் 375 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். சிகிச்சை பெற்ற சராசரி நபர், பெறாதவர்களில் 75 விழுக்காட்டினரை விட நல்ல நிலையில் இருந்தார். ஆனால் சிகிச்சை முறைகளுக்கிடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. இதன் காரணம் குறித்த விவாதம் இன்றும் தொடர்கிறது.