கடலோர உடல்நலம் – 7: கன்னத்தின் உட்புறம்

போன வாரம் வலை இழுப்பவர்களின் முதுகுவலியைப் பார்த்தோம். இந்த வாரம், தொடக்கத்தில் வலியே தராத ஒரு நோய்.

ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கம் படகேறுகிற பலருடைய மடியில் வெற்றிலை, பாக்கு, போயிலை இருக்கும். வலை விட்டுக் காத்திருக்கும் ராத்திரியில் கண் அசராமலிருக்க ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். கருவாடு காயப்போடும் பெண்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. அடக்கி வைக்கிற அதே இடத்தில்தான், கன்னத்தின் உட்புறத்திலும் கீழ் ஈறை ஒட்டிய பள்ளத்திலும், நம் நாட்டில் வாய்ப்புற்று அதிகம் வருகிறது.

சுண்ணாம்பு வாயின் மென்தோலை அரிக்கிறது. போயிலையில் உள்ள நைட்ரோசமைன்கள் செல்லின் மரபணுவைக் கெடுக்கின்றன. "போயிலை தொடமாட்டேன், வெறும் பாக்குதான்" என்பவர்களும் தப்புவதில்லை. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்துவிட்டது. பீடியும் சாராயமும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஐ. எம். ஓர் என்ற மருத்துவர், வெற்றிலை போடுபவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-ல் லான்செட் இதழில் எழுதினார். தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் முற்றிய நிலையில்தான் ஆட்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

ஏனென்றால், வெறும் கண்ணுக்கே தெரியக்கூடிய புற்று இது. தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படலம். வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இது வெள்ளையைவிட மோசம். காரம் பட்டால் எரிச்சல். நாளுக்கு நாள் வாய் திறப்பது குறைந்து மூன்று விரல்கூட நுழையாத நிலை. இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண் எதுவானாலும், வலிக்காவிட்டாலும், மருத்துவர் பார்க்க வேண்டும். 'வலிக்கலையே' என்று தள்ளிப்போடும் மாதங்களில்தான் கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறது.

1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்ல. 2005-ல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

நம் கரையில் இதற்கு வசதியான காலம் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகளைக் கரையேற்றிப் பலகை, என்ஜின் எல்லாம் பார்த்துப் பழுது நீக்குகிறார்கள். அதே நாட்களில் துறை துறையாக முகாம் போட்டு ஆட்களின் வாயையும் பார்க்க வேண்டும். கரை வேலை செய்யும் பெண்களையும் நாட்டுப்படகுக்காரர்களையும் விட்டுவிடாமல். மீன்வளத் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்தால் இது பெரிய செலவே அல்ல.

முகாம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மேல்சிகிச்சைக்கு மதுரை பாலரெங்காபுரத்தில் அரசின் மண்டலப் புற்றுநோய் மையம் உள்ளது. பழக்கத்தை விட உதவி கேட்க, கட்டணமில்லாத் தொலைபேசி: 1800-11-2356.