புள்ளி நிற்கும் இடம்

மேஜைகளின்மேல் தட்டைத் திரைகள் வந்து அமர்ந்த காலத்தில், புதிய திரையைப் பழைய நீலமுனை வி.ஜி.ஏ. கேபிளாலேயே கணினியோடு பிணைத்துவிட்டு, எழுத்துகள் ஈரக் காகிதத்தில் மை ஊறினாற்போல் கசிந்து தெரிவதைக் கண்டு, கண் வைத்தியரிடம் போவதா வேண்டாமா என்று யோசித்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் கேபிள் அனலாக் வகை. அனலாக் என்பது ஆதியில் வந்தது, டிஜிட்டல் பின்னால் வந்து அதனை வென்றது என்று சாமானியமாக எண்ணப்படுகிறது. கணினித் திரையின் சரித்திரமோ நேர்மாறானது. 1981இல் ஐ.பி.எம். தன் பெர்சனல் கம்ப்யூட்டருக்குத் தந்த சி.ஜி.ஏ. அட்டை, சிவப்பு, பச்சை, நீலம், பிரகாசம் என்ற நான்கு கம்பிகளில் 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டே விடைகளை மானிட்டருக்கு அனுப்பி, மொத்தம் 16 நிறங்களைக் காட்டியதோடு திருப்தியடைந்தது. 1987இல் வி.ஜி.ஏ. பிறந்தபோதுதான், வர்ணத்துக்கு ஒரு கம்பியாக, அதில் பூஜ்யத்திலிருந்து 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் மின்னழுத்தம் என்ற ஏற்பாடு வந்து, 2,62,144 சாயைகளிலிருந்து வேண்டியவற்றைத் தேர்ந்துகொள்ளும் செல்வத்தைக் கொடுத்தது. அன்றைய திரை கண்ணாடிக் குழாய். எலெக்ட்ரான் கற்றையின் வலிமை அந்த அழுத்தத்தைப் பின்பற்றிக் கூடிக் குறையுமாதலால், கணினிக்கும் திரைக்கும் நடுவே துபாஷி ஒருவர் தேவைப்படவில்லை.

தட்டைத் திரையான எல்.சி.டி.யின் சுபாவம் வேறு. 17 அங்குலத் திரையொன்றில் குறுக்கே 1280, நெடுக்கே 1024 என்று பிக்சல்கள் அசையாமல் பதிந்திருக்கின்றன. கணினிக்குள் எண்ணாக இருந்த படம் கேபிளுக்காக அலையாகி, மறுமுனையில் மீண்டும் எண்ணாக வேண்டியிருக்கிறது. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. வரி தொடங்குகிறது, படம் தொடங்குகிறது என்ற இரண்டு துடிப்புகளை வி.ஜி.ஏ. கேபிள் அனுப்புமே தவிர, ஒரு பிக்சல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே பிறக்கிறது என்பதைச் சொல்லுவதில்லை. வரிக்கு இடையேயுள்ள ஓய்வையும் சேர்த்து ஒவ்வொரு வரியையும் 1688 கூறுகளாக, கூறொன்றுக்கு 9 நானோவினாடிக்குச் சற்று மேலாக, மானிட்டர் தானே வகுத்து அனுமானிக்கவேண்டும். கூறுகளின் எண்ணிக்கை ஒன்றிரண்டு பிசகினால் திரையில் மங்கலான நெடும்பட்டைகள் தோன்றும். எண்ணிக்கை சரியாயிருந்தும் அளக்கும் க்ஷணம் தவறினால், மின்னழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும் சரிவிலேயே அளவு விழுந்து, எழுத்துகளின் ஓரம் நடுங்கும். ஒன்றிரண்டு பிக்சல் அகலமே உள்ள மெய்யெழுத்தின் தலைப்புள்ளி பக்கத்துக் கட்டத்தில் பாதி கரைந்துபோவது இப்படித்தான்.

மானிட்டரின் 'ஆட்டோ' பொத்தான் இந்த அனுமானத்தைத் திருத்தவே வைக்கப்பட்டது. வெறும் நீல வானத்தைத் திரையில் விரித்துவிட்டு அதை அழுத்துவோர் பலர். அளப்பதற்கு விளிம்பே இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்? கறுப்பும் வெளுப்புமாக ஒரு பிக்சல் அகலக் கோடுகளை நெருக்கமாக நிறுத்திவிட்டு அழுத்தினால் காரியம் சித்தியாகும்.

1999இல் வெளியான டி.வி.ஐ. என்னும் டிஜிட்டல் இணைப்பு, மூன்று இணைக் கம்பிகளில் வர்ணங்களின் எண்களையும் நான்காவது இணையில் கடிகாரத் துடிப்பையும் அனுப்பி, அனுமானத்துக்கே இடமில்லாமல் செய்தது. பின்னால் வந்த எச்.டி.எம்.ஐ.யும் அந்த வழியையே கைக்கொண்டது. அனலாக் கேபிள் நீண்டால் படம் படிப்படியாகச் சோர்வடையும்; டிஜிட்டலோ எல்லைவரை பிழையின்றி ஓடி, எல்லை கடந்ததும் வெண்பொறிகளைச் சிந்தும், அல்லது இருண்டுவிடும். ஆகையால் பொன்முலாம் பூசிய எச்.டி.எம்.ஐ. கேபிளில் நிறம் செழிக்கும் என்று கடைக்காரர் சொன்னால் மரியாதையாகச் சிரித்துவிட்டு வரலாம்.

டிஜிட்டலுக்கும் விஷமங்கள் உண்டு. தொலைக்காட்சி மரபில் கறுப்பு 16இலும் வெளுப்பு 235இலும் நிற்கும். கணினி மரபில் 0 முதல் 255 வரை. எச்.டி.எம்.ஐ. வழியே கணினி ஒன்றும் திரை மற்றொன்றுமாகக் கொண்டால், கருமை சாம்பலாக வெளிறும், அல்லது நிழல்கள் கருமையில் அமிழ்ந்துவிடும். கண்ணாடிக் குழாய்த் திரையை இன்னும் போற்றி வைத்திருப்பவருக்கு நல்ல வி.ஜி.ஏ. கேபிளில் ஒரு குறையும் இல்லை என்பதே என் அபிப்பிராயம்.

என் மங்கலான திரையின் பின்புறத்தை ஒருநாள் குனிந்து பார்த்தேன். நீலத் துளைக்கு அருகிலேயே, வாங்கிய நாளில் போட்டிருந்த பிளாஸ்டிக் மூடியோடு, தூசி படிந்து, வெள்ளை நிற டி.வி.ஐ. துளை ஒன்று இருந்தது.