ஸ்டீராய்டு சாப்பிடுறீங்களா? எலும்பைக் கவனிங்க!

ஆஸ்துமா, முடக்குவாதம், சிலவகை சிறுநீரக நோய், தோல் நோய்... இவற்றுக்கெல்லாம் ஆங்கில மருத்துவர்கள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கிறார்கள். பல நேரங்களில் உயிரைக் காப்பாற்றுகிற மருந்து அது. ஆனால் இரைப்பு அடங்கி, மூட்டு வீக்கம் வடிகிற அதே சமயத்தில், உள்ளே எலும்பு சத்தமில்லாமல் கரைய ஆரம்பிக்கும். வலியே தெரியாது. குனிந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும்போது முதுகெலும்பு நொறுங்கின பிறகுதான் சிலருக்கு விஷயமே தெரிகிறது.

ஏன் கரைகிறது?

எலும்பு தினமும் கொஞ்சம் இடிபட்டு, கொஞ்சம் கட்டப்படுகிற வீடு மாதிரி. ஸ்டீராய்டு, கட்டுகிற செல்களை முடக்கிவிடும். குடல், கால்சியத்தைக் குறைவாக உறிஞ்சும். சிறுநீரில் அது அதிகமாக வெளியேறும். முதல் 3 முதல் 6 மாதங்களில்தான் இழப்பு ரொம்ப வேகம். அதனால் 'வலி வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்'னு இருக்காதீங்க.

பிரட்னிசலோன் போன்ற மாத்திரையைத் தினம் 2.5 மி.கி. அல்லது அதற்கு மேல், 3 மாதத்துக்கு மேல் சாப்பிட வேண்டியிருந்தால், ஆரம்பத்திலேயே எலும்பு அடர்த்தி ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். எலும்பைக் காக்கத் தனி மாத்திரையும் சிலருக்குத் தேவைப்படும்.

என்ன சாப்பிடலாம்?

பெரியவர்களுக்குத் தினம் 1000 முதல் 1200 மி.கி. கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி., ஒரு டம்ளர் (200 மி.லி.) பாலில் சுமார் 240 மி.கி. கிடைக்கும். மோர், எள், முருங்கைக்கீரையும் சேருங்கள். வைட்டமின் டி இருந்தால்தான் கால்சியம் உடம்பில் சேரும். ஊறுகாய், அப்பளத்தைக் குறையுங்கள். உப்பு கூடினால் கால்சியம் சிறுநீரோடு போய்விடும். முடிந்தவரை நடங்க. புகை, மது வேண்டாம். பாத்ரூம் தரை வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோயாளிகள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் உணவை மாற்றக் கூடாது.

"சித்த மருந்துக்கு மாறிட்டா ஸ்டீராய்டை நிறுத்திடலாமா?"

கூடவே கூடாது! நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு, அதை இயற்கையாகச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகும். எழுதிக்கொடுத்த டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எங்கள் சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம் இரண்டும் கால்சியம் சார்ந்தவைதான். ஏற்கெனவே கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதையும் சேர்த்தால் அளவு மீறிவிடும். எதைச் சாப்பிட்டாலும் இரண்டு வைத்தியரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஒரே வேளையில் மூட்டுவலி பறக்கும் என்று, பேரில்லாமல் பொட்டலத்தில் தருகிற சூரணத்தை நம்பாதீர்கள். அதிலேயே ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்!